சிவப்பு டப்பா வந்த வழி

என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பியது ஒரு மால்ட் மாவு டப்பா. சிவப்பு நிறம், அதன்மேல் பால் குடிக்கும் ஒரு குண்டுப் பையனின் படம். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் கம்பெனிதான் அதைத் தயாரிக்கிறது. பிஸ்கட், நூடுல்ஸ் என்று வேறு சரக்கும் உண்டு. ஆனால் என் மேலாளர் லிம்முக்கு உயிர் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் காலையில் பசியாறும்போது அதைக் கலக்காத வீடு குறைவு. இந்தியாவிலும் ஒருநாள் அப்படி ஆகும் என்று நம்புகிறார். 'வளரும் சந்தை' என்று சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும்.

அந்த வளரும் சந்தையில் ஒரு சிக்கல். ஒவ்வொரு ஏரியாவுக்கும் எங்களுக்கு ஓர் ஏஜென்ட் இருக்கிறார். தஞ்சாவூருக்கு அனுப்பும் டப்பாவின் அடியில் ஒரு குறி போடுவோம், குத்தாலத்துக்கு அனுப்பும் டப்பாவின் அடியில் வேறொரு குறி. ஒருவர் ஏரியாவில் இன்னொருவர் சரக்கு போகக் கூடாது. குத்தாலம் ஏஜென்ட் கலியபெருமாள் பிஸ்கட்டும் நூடுல்ஸும் ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தார். மால்ட் டப்பா மட்டும் பல மாதமாகக் கேட்கவே இல்லை. ஆனால் அவருடைய ஏரியாக் கடைகளில் டப்பா வரிசையாக நிற்கிறது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் தஞ்சாவூர்க் குறி.

தஞ்சாவூர் ஏஜென்ட் அதைப் படம் எடுத்து அனுப்பிப் புகார் கொடுத்துவிட்டார். தஞ்சாவூருக்குக் கம்பெனி கூடுதல் தள்ளுபடி கொடுக்கிறது, அந்தச் சரக்கைக் கலியபெருமாள் யார் மூலமாகவோ வளைத்துத் தன் ஏரியாவில் விற்கிறார் என்பது அவர் கட்சி. உண்மையாக இருந்தால் கலியபெருமாளின் ஏஜென்சி போய்விடும்.

"நீ தமிழ்தானே, போய்க் கேட்டுவிட்டு வா. உனக்குச் சுலபம்," என்றார் லிம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தஞ்சாவூர் ஏஜென்ட் மரியாதையானவர். "வாங்க சிஸ்டர்" என்று வரவேற்று, குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, அசோகா என்ற அல்வாவைச் சுடச்சுட வாங்கிக் கொடுத்தார். பாசிப்பருப்பில் செய்ததாம். நெய் விரலிடுக்கில் வழிந்தது. இன்னொன்று வேண்டுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் வேண்டும் என்றேன்.

பிறகு தன் விற்பனையைக் காட்ட ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடைகளுக்கு அழைத்துப்போனார். ஆப்பிள், சாத்துக்குடி, ரொட்டி, அவற்றுக்கு நடுவே எங்கள் சிவப்பு டப்பா ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பின் ஒருவராக வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்குக் கம்பெனிப் பெருமை தலைக்கேறியது.

"நோயாளிங்க விரும்பிக் குடிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"குடிக்காமயா சிஸ்டர்? வாங்கிட்டே இருக்காங்களே!" என்றார். "குத்தாலத்துக்காரர்கிட்ட மட்டும் ஜாக்கிரதையாப் பேசுங்க. ஆளு ரொம்ப மரியாதையாப் பேசுவாரு."

மரியாதையாகப் பேசுகிறவரிடம் எதற்கு ஜாக்கிரதை என்று விளங்கவில்லை. இவரும் அப்படித்தானே பேசினார்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் குத்தாலத்துக்கு எந்த வண்டி என்று கேட்டேன். ஒருவர் கும்பகோணம் போய் மாறச் சொன்னார். இன்னொருவர் ரயில்தான் நல்லது என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "குத்தாலத்துல யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். பேருந்தைத்தான் கேட்கிறேன் என்றேன். "யாரப் பாக்கணும்னு சொன்னாத்தானம்மா எங்க எறங்கணும்னு சொல்ல முடியும்?" என்றார். எங்கள் ஊரில் பேருந்து கேட்டால் பேருந்து எண்ணைச் சொல்வார்கள். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால் போலீஸ்காரர் என்று அர்த்தம்.

கும்பகோணம் வண்டியில் ஏறினேன். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் ஒரு கட்டைப் பை. பையிலிருந்து எங்கள் குண்டுப் பையன் எட்டிப் பார்த்தான். ஒன்றல்ல, நாலைந்து பையன்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இது உங்க வீட்டுல எல்லாரும் குடிப்பீங்களாம்மா?"

"அய்யய்யே, இது எங்களுக்கில்லம்மா," என்றார் அவர். ஆஸ்பத்திரியில் கணவருக்கு ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் வீட்டுக்கு ஒரு நடை போகிறாராம்.

"அப்புறம் யாருக்கு?"

"வச்சிருந்தா யாருக்காவது ஆவும்."

யாருக்கு என்று மறுபடி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?" என்று பேச்சை மாற்றினார். தெரியாது என்றேன். "தெரியாம எப்படிம்மா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டு எனக்கு ஒரு சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார். தாராசுரம் தாண்டும்வரை என் பூர்வீகம் எதுவாக இருக்கலாம் என்று முன் சீட்டுக்காரர்களோடு சேர்ந்து ஆலோசித்தார். மன்னார்குடிப் பக்கம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

கும்பகோணத்தில் வண்டி மாறும் முன் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து, சாம்பாரும் இல்லாமல் குருமாவும் இல்லாமல் நடுவில் நிற்கும் ஒரு வஸ்து. என்னவென்று தெரியாமலே மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பேருந்து நகரவில்லை. சம்பா அறுவடை நேரம். சாலையின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் எங்களுக்கு முன்னால் ஒரு அறுவடை இயந்திரம் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. "மிஷின் அடுத்த வயல்ல எறங்குற வரைக்கும் நம்ம அது பின்னாடிதான்," என்றார் கண்டக்டர். ஆனால் அடுத்த வயலில் அது இறங்கவில்லை, அதற்கடுத்த வயலிலும் இல்லை. இயந்திரத்துக்காரர் வழியில் இறங்கி டீ குடித்தபோது எங்கள் டிரைவரும் இறங்கிக் குடித்தார். ஆரன் அடித்தால் என்ன என்று நான் கேட்டது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

கலியபெருமாள் குத்தாலம் நிறுத்தத்தில் வெயிலில் காத்திருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. "வாங்க மேடம். மொதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு அப்புறம் குடோனுக்குப் போவோம்," என்றார். நான் விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று எவ்வளவோ விறைப்பாக இருக்கப் பார்த்தேன். அவர் மனைவி செல்வி இலை போட்டு உட்காரவைத்துவிட்டார். விசாரணைக்கு வந்தவர் ரசத்துக்கு அப்பளம் கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லாததால் கேட்டேன்.

குடோன் கடைத்தெருவின் நடுவில் இருந்தது. வாசலில் ஒரு நாற்காலியில் கலியபெருமாளின் அப்பா உட்கார்ந்து, வண்டியில் ஏறும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டை இரண்டும் முன்பக்கம் வளைந்திருந்தன. ஒரு காலத்தில் இதே தெருவில் மூட்டை தூக்கியவராம். என்னைப் பார்த்து எழுந்து நின்றார், உட்காருங்கள் என்று நான் பலமுறை சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

உள்ளே போய் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"தஞ்சாவூர் டப்பா உங்க ஏரியாவுக்கு வருதா?"

"வருது மேடம்," என்றார். கண்கூட இமைக்கவில்லை.

"எப்படி வருது?"

"பஸ்லதான். செலது ரயில்ல வரும்."

"உங்களுக்குத் தெரிஞ்சேதான் நடக்குதா?"

"தெரியாம என்ன மேடம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"கடைக்காரங்க வாங்கிக்கிறாங்க?"

"முடியாதுன்னு எப்படி மேடம் சொல்றது? ஒரே ஊர்ல இருந்துகிட்டு."

"நீங்க தடுக்கலாமே?"

இந்த இடத்தில்தான் அவர் முகம் மாறியது. "அத எப்படி மேடம் தடுக்கறது? பாவமில்லையா?" என்றார்.

என் வேலையில் எத்தனையோ ஏஜென்ட்களை விசாரித்திருக்கிறேன். அழுதவர்கள் உண்டு, மேசையில் குத்தியவர்கள் உண்டு. இப்படி மோர் கொடுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டவரைப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் அவருடைய லைன் வண்டியில் ஏறிக் கடைகடையாகப் போனேன். ஏரியாக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் சின்ன வேனை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வண்டியில் பிஸ்கட் இருந்தது, நூடுல்ஸ் இருந்தது, மால்ட் டப்பா ஒன்றுகூட இல்லை. ஆனால் போன கடையில் எல்லாம் மேல்தட்டில் குண்டுப் பையன் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். வாய்க்கால் கரையோரம் ஓலைக் கொட்டகையில் இருந்த கடையில்கூட இருந்தான்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வரும் மேடம்," என்றார் கடைக்காரர்.

"யாரு கொண்டுவந்து குடுத்தாங்க?"

"அதச் சொல்லக் கூடாது மேடம். குடும்ப விஷயம்."

அடுத்த கடையிலும் அதே பதில். அதற்கடுத்த கடையில் இருந்த பெண்மணி, யார் என்று சொன்னால் நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று என்னையே கேட்டார். ஒரு பெரிய கும்பல் இருக்கிறது, அதற்குக் 'குடும்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏரியாவே அதற்குப் பயப்படுகிறது என்று நான் முடிவு கட்டினேன். இத்தனைக்கும் அந்தப் பயந்த மனிதர்கள் ஒருவர் விடாமல் எனக்குத் தின்னக் கொடுத்தார்கள். போண்டா, பரோட்டா, இளநீர், மறுபடி போண்டா. குழம்பிய மனநிலையில் இருக்கும்போது நான் எதையும் மறுப்பதில்லை.

சாயங்காலம் விடுதிக்கு வந்து லிம்மைக் கூப்பிட்டேன்.

"ஒப்புக்கொண்டார்," என்றேன்.

"நல்லது. சரக்கை எப்படிக் கொண்டுவருகிறாராம்?"

"பேருந்தில்."

"பேருந்திலா? சரி. ஏஜென்சியை நிறுத்திவிடலாம். தஞ்சாவூர்க்காரரிடம் நானே சொல்லிவிடுகிறேன்."

"கொஞ்சம் பொறுங்கள். எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை."

"அவரே ஒப்புக்கொண்ட பிறகு புரிவதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

விடிந்ததும் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, விடுதி மேனேஜர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நம்ம கலியபெருமாள் திருட்டுச் சரக்கு வித்தாராமே மேடம்?" என்று கேட்டார். நான் சொன்னது கிள்ளானில் இருக்கும் ஒரே ஒருவரிடம். அவர் சொன்னது தஞ்சாவூரில் ஒருவரிடம். விடிவதற்குள் அது குத்தாலம் டீக்கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் கம்பெனிச் சரக்கு ஒருநாளும் இந்த வேகத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. கலியபெருமாளின் லைன் வண்டி சரக்கு ஏற்றாமல் நிற்கிறது என்றும் மேனேஜர் சொன்னார்.

இரண்டாவது விஷயம் என் வயிறு. போண்டாவா பரோட்டாவா கடப்பாவா என்று குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் நிலையில் நான் இல்லை. பத்து மணிக்கெல்லாம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள்.

முதலில் பார்க்க வந்தவர் விடுதி மேனேஜர். கையில் சிவப்பு டப்பா. "வெறுங்கையோட வரக்கூடாது இல்லீங்களா," என்று மேசையில் வைத்தார். நான் நன்றி சொன்னேன். அடுத்து, முதல் நாள் 'குடும்ப விஷயம்' என்று சொன்ன கடைக்காரர், மனைவியோடு. அவர் கையிலும் சிவப்பு டப்பா. "உங்க கம்பெனி சாமான் இருக்கறப்ப வேற வாங்கிட்டு வந்தா நல்லாருக்குமா மேடம்?" என்றார். வாய்க்கால் கரைக் கடைக்காரர் வந்தார். முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்ட பெண்மணி வந்தார். நான் யாரைக் கும்பல் என்று நினைத்தேனோ அந்தக் கும்பல் முழுவதும் வந்து என் உடம்பை விசாரித்துவிட்டுப் போயிற்று. குண்டுப் பையன்கள் மேசையில் இடம் போதாமல் ஜன்னல் விளிம்பில் ஏறினார்கள்.

மத்தியானம் கலியபெருமாளும் செல்வியும் வந்தார்கள். செல்வி கையில் தூக்குச்சட்டி நிறையக் கஞ்சி. கலியபெருமாள் கையில், நான் எதை நினைத்துப் பயந்தேனோ அது, ஒரு சிவப்பு டப்பா. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறேன். அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

"உங்களுக்கு... விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒடம்பு மொதல்ல சரியாவட்டும் மேடம். மருந்துச் சீட்டக் குடுங்க, வாங்கிட்டு வந்துடறேன்," என்று வெளியே போனார்.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தஞ்சாவூர்க் குறி. இன்னொன்று, நாகப்பட்டினம் குறி. அடுத்தது திருச்சி. இந்த டப்பாவை வைத்து வியாபாரம் செய்பவர்கள் இதை எதற்கு எனக்குச் சும்மா கொண்டுவந்து கொடுக்கிறார்கள்?

"இதையெல்லாம் நான் என்ன செய்யட்டும்?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"கீழ ஒரு கட இருக்கு அக்கா. அதுல குடுத்தா சோப்பு, எண்ணெ, எது வேணுமோ குடுப்பாங்க. இல்லாட்டி வச்சிருங்க, யாரையாவது பாக்கப் போறப்ப ஆவும்."

யாருக்காவது ஆகும் என்று பேருந்தில் அந்த அம்மா சொன்னதும் இதைத்தான்.

"யாரும் குடிக்க மாட்டாங்களா?"

செல்வி என்னை விநோதமாகப் பார்த்தார். "பிரிச்சிட்டா அப்புறம் எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். பாட்டில் ஆடியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு டெல்டா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் வாசலில் டப்பா வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது டப்பாக்கள் அவர்களோடு பேருந்தில் ஏறி ஊருக்கு வருகின்றன. வீட்டில் தேவைக்குமேல் சேர்ந்தால் பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்கிறார்கள். கடையிலிருந்து இன்னொருவர் வாங்கி, பிள்ளை பெற்றவளைப் பார்க்கவோ முடியாமல் கிடக்கும் பெரியவரைப் பார்க்கவோ போகிறார். எங்கள் கம்பெனி வண்டி எதுவும் இல்லாமல், ஊரே சேர்ந்து எங்கள் டப்பாவை விநியோகம் செய்துகொண்டிருக்கிறது. கலியபெருமாள் எதற்குப் புதிதாக வாங்க வேண்டும்?

"அப்ப கடைக்காரங்க ஏன் யாருன்னு சொல்லல?"

"எப்படி அக்கா சொல்லுவாங்க? நான் ஆசையாக் குடுத்தத மாத்திட்டாங்களேன்னு குடுத்தவங்க வருத்தப்பட மாட்டாங்களா?"

கலியபெருமாள் மருந்தோடு உள்ளே வந்தார். ஏன் இதை என்னிடம் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். என்மேல் இருந்த கோபம் அவர்மேல் பாய்ந்தது.

அவர் திகைத்துவிட்டார். "நீங்களும் தமிழ்தானே மேடம். தெரிஞ்சுதான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். கடைக்காரங்க திரும்ப வாங்கிக்கறத நிறுத்தச் சொல்றீங்கன்னு நெனச்சேன். இவரு திருடிட்டாருன்னு தெருவுல பேசறப்பத்தான் நீங்க கேட்டதே வேறன்னு வெளங்குச்சு."

அவர் டாக்டரைப் பார்க்கப் போனதும் செல்வி கஞ்சியை ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஏஜென்சி போனாக்கூடப் பரவால்ல அக்கா. எப்படியாவது பொழச்சுக்குவோம். திருட்டுங்கற அந்த ஒரு வார்த்தைதான். எங்க மாமனாரு மூட்ட தூக்குன காலத்துல கடையில எது கொறஞ்சாலும் மொதல்ல எங்க வீட்டுலதான் வந்து தேடுவாங்களாம். அதுக்குப் பயந்துகிட்டே வீட்டுல ஒரு வெறும் சாக்குகூட வச்சுக்க மாட்டாராம். இன்னிக்கி காலைலேருந்து அவரு குடோன் வாசல்ல வந்து உக்காரல."

கஞ்சியை அப்படியே வைக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

லிம்மைக் கூப்பிட்டு, கேமராவைத் திருப்பி ஜன்னல் விளிம்பைக் காட்டினேன்.

"ஏன் உனக்கு நம்முடைய பொருளையே கொடுத்திருக்கிறார்கள்?" என்றார்.

சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"குடிக்கவே மாட்டார்களா?"

"இல்லை."

"ஒருவர்கூடவா?" அவர் குரல் உடைந்தே போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. "அப்படியென்றால் நாம் அங்கே என்னதான் விற்கிறோம்?"

"தெரியவில்லை. யாரையாவது பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப் போக ஒன்று."

"இதை நான் மேலிடத்தில் எப்படிச் சொல்வேன்?"

"மற்றதை எப்படியாவது சொல்லிக்கொள்ளுங்கள். அவர் திருடவில்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்பதை இப்போதே சொல்லுங்கள்," என்றேன். லிம் நல்ல மனிதர். பெருமூச்சு விட்டார், ஆனால் சொன்னார். ஏஜென்சி தொடரும், புகார் தள்ளுபடி என்று பதில் வந்தது. மால்ட் டப்பாவை டெல்டாவில் என்ன செய்வது என்று யோசிக்கத் தனியாக ஒரு கூட்டம் போடப் போகிறாராம்.

கொஞ்ச நேரத்தில் தஞ்சாவூர் ஏஜென்ட் கூப்பிட்டார். "என்ன சிஸ்டர், டப்பா மாத்தறதா விஷயம்? எங்க வீட்டுலகூட மாத்துவோமே!"

"அப்புறம் எதுக்குங்க புகார் குடுத்தீங்க?"

"அடியில நம்ம குறி இருந்துச்சே. கம்பெனி விஷயம் வேற, வீட்டு விஷயம் வேற இல்லையா?" என்றார் அப்பாவியாக. அவர் வேண்டுமென்று செய்தாரா, அவருக்கும் இரண்டும் ஒன்று என்று தோன்றவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் குடோனுக்குப் போனேன். லைன் வண்டியில் பெட்டிகள் ஏறியிருந்தன, ஆனால் தெருவில் ஒருவரும் கலியபெருமாளின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புகார் தள்ளுபடி என்று லிம் சொன்னது தஞ்சாவூர்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. கெட்ட பேச்சு ராத்திரியோடு ராத்திரியாக வந்த அதே பாதையில் நல்ல பேச்சு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

கலியபெருமாளின் அப்பா குடோனுக்கு உள்ளே, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் அருகில் போய் நின்றேன்.

"உங்க மகன் மேல எந்தத் தப்பும் இல்லீங்க ஐயா. நான்தான் தப்பாப் புரிஞ்சுகிட்டேன்."

அவர் தலை நிமிர்ந்தார். "எங்கிட்ட எதுக்கும்மா சொல்றே? எனக்குத் தெரியாதா எம் புள்ளயப் பத்தி?" கையை வாசல் பக்கம் நீட்டினார். "அவங்ககிட்டச் சொல்லு."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். கலியபெருமாள், "வேணாம்ப்பா, விடுங்க" என்று பின்னாலேயே வந்தார். அவர் கேட்கவில்லை. நேராகத் தெருவிலேயே பெரிய மளிகைக் கடைக்குப் போனார். ஒரு காலத்தில் அவர் மூட்டை இறக்கிய கடை அது. அந்த முதலாளியின் மகன் இப்போது கல்லாவில் இருந்தார். கடையில் நல்ல கூட்டம்.

நான் சொன்னேன். கலியபெருமாள் திருட்டுச் சரக்கு விற்கவில்லை, கம்பெனியின் தவறு, என் தவறு என்று சொன்னேன்.

"அய்யோ, அது எங்களுக்குத் தெரியாதா மேடம்? அவரு அப்படிப்பட்ட ஆளா?" என்று கடைக்காரர் கைகூப்பிச் சிரித்தார். அவர் கை சர்க்கரை கட்டும் காகிதத்துக்குத் திரும்பிவிட்டது.

"தெரிஞ்சா நல்லதுதான் தம்பி," என்றார் கலியபெருமாளின் அப்பா. படியை விட்டு அவர் நகரவில்லை. "இருந்தாலும் அந்தம்மா வாயால இன்னொரு தரம் கேட்டுக்குங்க."

கடைக்காரர் காகிதத்தைக் கீழே வைத்தார். சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் குரலை உயர்த்தி, முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னேன்.

பெரியவர் நான் முடிக்கும்வரை நின்று கேட்டார். பிறகு படியிறங்கினார்.

"வாம்மா," என்றார். "அடுத்த கடைக்குப் போவோம்."